அளவுக்கல்லுக்கு அபிஷேகம்

நடந்தவை, வரிசைப்படி:

1. ஆவணியில், அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு தாங்கலுக்குள் நீர்மட்டம் பார்ப்பதற்காக ஒரு கல்லை நட்டோம்.
2. கல்லுக்கு வண்ணக் கோடுகள் போட்டோம்.
3. அடுத்த பௌர்ணமி முடிந்த காலையில் கல்லின் மேல் மாலை கிடந்தது.
4. அதற்கடுத்த பௌர்ணமிக்குக் கல்லுக்கு முன்னால் வரிசை நின்றது.
5. ஐப்பசி பிறந்ததும், கல்லைச் சுற்றி மேடை கட்ட ஒரு லோடு ஜல்லி வந்து இறங்கியது.
6. மழை வந்தது.

சென்னையில் நான் இப்போது வேலை பார்க்கும் அலுவலகத்தில் அறிக்கை கேட்டால் இப்படித்தான் எழுதிக் கொடுப்பேன். ஆனால் மழை நாட்களில், மாடி ஜன்னல் வழியே தெருவில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, நினைவுக்கு வருபவை வேறு. ஈரச் சுண்ணாம்பின் வாசனை. பனியன் துணியில் முடிந்து வைத்த வேகவைத்த மல்லாட்டை. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். பிறகு, "இந்த மழைக்குப் பாக்கறேன்" என்று ஒருவர் சொன்ன குரல்.

அப்படிச் சொன்னவர் நர்சரிக்காரர். முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையில் இழப்பதற்கு ஏதாவது வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

அடி அண்ணாமலையில் அவர் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அப்பா காலத்தில் மல்லாட்டை போட்ட நிலம். அவர் அதை நர்சரியாக மாற்றினார். ரோஜா, குரோட்டன்ஸ் எல்லாம் அங்கே கிடைக்காது. இலுப்பை, வெப்பாலை, உசிலை, மகிழம், நாவல் என்று எங்கள் மலையில் தானாக நிற்கும் மரங்களின் கன்றுகள் மட்டும்தான். விதையை அவரே போய்ப் பொறுக்கி வருவார். டீக்கடைகளிலிருந்து காலிப் பால் கவர்களை வாங்கி, கழுவி, அதில் மண் நிரப்பி நாற்று விடுவார். மலையில் மரம் நடுகிறவர்கள், பள்ளிக்கூடங்கள், மகளிர் குழுக்கள், யாராக இருந்தாலும் நம் ஊர் மரக்கன்று வேண்டுமென்றால் அவரிடம்தான் வந்தாக வேண்டும்.

அந்த வருஷக் கோடையில் அவர் கிணறு வற்றியது. அதற்கு முன்னும் குறைந்திருக்கிறது, அடிப்பாறை தெரிந்ததில்லை. டேங்கர் தண்ணீர் வாங்கிக் கன்றுகளைக் காப்பாற்றினார். அவர் மனைவியின் தம்பி வாரா வாரம் வந்து ஒரே பாட்டைப் பாடினான்: "மாமா, சும்மா இந்தச் செடிங்களோட மாரடிக்காதீங்க. தரையைச் சமமாக்கி வண்டி நிறுத்த விட்டுடுங்க. பௌர்ணமிக்குப் பௌர்ணமி உக்காந்த எடத்துல வருமானம்."

அதைப் பற்றி எங்களிடம் அவர் ஒரு முறைதான் பேசினார். பால் கவரில் மண் நிரப்பிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

"இந்த மழைக்குப் பாக்கறேன். கெணறு ஊறலன்னா பார்க்கிங்குக்கு விட்டுட வேண்டியதுதான். கன்னுங்கள யாருக்காவது குடுத்துடறேன்."

நாங்கள் என்பது இரண்டு பேர். ஒருவர் அரசுப் பள்ளியில் தாவரவியல் நடத்தும் டீச்சர். மற்றவள் நான், சிவில் படித்து, நீர்வளத்தில் மேற்படிப்பு முடித்து, வேங்கிக்கால் வீட்டில் உட்கார்ந்தபடி ஒரு சென்னைக் கம்பெனிக்குக் குழாய் வரைபடங்கள் போட்டுக்கொண்டிருந்தவள். நர்சரிக்காரரையும் சேர்த்தால் மூன்று பேர். எங்கள் குழுவுக்குப் பெயர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருத்தெருவாகப் போவோம். துவைத்த தண்ணீரை வாழைக்கு விடுவது எப்படி, மக்குகிற குப்பையை வாசலிலேயே உரமாக்குவது எப்படி, கொல்லையில் எந்த மரம் வைத்தால் எந்தப் பறவை வரும், இவையெல்லாம் எங்கள் பாடங்கள். டீச்சர் பேசுவார், நர்சரிக்காரர் கன்று கொடுப்பார், நான் தரையில் குச்சியால் படம் போட்டுக் காட்டுவேன். பௌர்ணமிக்கு மறுநாள் காலை கிரிவலப் பாதையில் குப்பை பொறுக்குவோம். டீச்சரின் கைப்பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் டம்ளர் இருக்கும். எந்தக் கடையில் நின்றாலும் பேப்பர் கப்பை மறுத்து அதைத்தான் நீட்டுவார். அதனால் பாதையோரக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். குப்பை டீச்சர் என்றுதான் பெயர்.

தாங்கல் என்பது குட்டையைவிடப் பெரியது, ஏரியைவிடச் சிறியது. நர்சரிக்குச் சற்று மேலே இருக்கும் தாங்கலில் தண்ணீர் நின்றால் அவர் கிணறு ஊறும். மலையில் பெய்யும் மழை, கிரிவலப் பாதைக்கு அடியில் ஒரு சிறு பாலத்துக்குள் நுழைந்து, வரத்துக் கால்வாய் வழியாகத் தாங்கலுக்கு வர வேண்டும். பல வருஷங்களாக அது வருவதில்லை. கால்வாயில் முள் அடைத்திருந்தது. அன்னதானத் தட்டுகளும் தண்ணீர்ப் பாக்கெட்டுகளும் அடுக்கடுக்காகப் படிந்திருந்தன. அந்த ஆவணியில் நாங்கள் கையால் முடிந்ததைச் சுத்தம் செய்தோம். பாதிக் கால்வாய்கூட ஆகவில்லை. கை காய்த்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் அளவுக்கல் யோசனை வந்தது. தாங்கலின் வாயில், அதாவது கால்வாய் உள்ளே இறங்கும் இடத்தில், தண்ணீர் நின்றால்தான் தன் கிணறு ஊறும் என்று நர்சரிக்காரர் சொல்வார். எவ்வளவு நின்றால் எவ்வளவு ஊறும் என்று தெரிந்துகொண்டால், தாங்கலைக் காப்பாற்றும்படி அதிகாரிகளிடம் கேட்க ஒரு கணக்கு கையில் இருக்கும். டீச்சருக்கும் அது சரியாகப் பட்டது.

எங்களுக்கு எழுதாத விதி ஒன்று இருந்தது. எதையும் புதிதாக வாங்கக் கூடாது. இருப்பதை வைத்துச் செய்ய வேண்டும். ஊருக்கு அதைத்தானே உபதேசம் செய்துகொண்டிருந்தோம்? அந்த விதிதான் எங்களை மாட்டிவிட்டது.

கல், நர்சரி வேலியிலிருந்து வந்தது. தலை உடைந்து, உச்சி உருண்டையாகத் தேய்ந்திருந்த கருங்கல் தூண். அதில் ஆடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வண்ணமும் கடையில் வாங்கியதில்லை. ஊர் அம்மன் கோயில் மதிலுக்கு அடித்துவிட்டு மீந்த காவியும் சுண்ணாம்பும் நர்சரிக்காரர் வீட்டில் இரண்டு வாளிகளில் இருந்தன.

"வெள்ளையும் சிவப்பும் மாத்தி மாத்தி அடிச்சா ரோட்லேர்ந்தே தெரியும்ணா," என்றேன். நில அளவைக் கோலுக்கு அதுதான் நிறம்.

"அடிச்சுடலாம் இஞ்சினியரம்மா," என்றார்.

அடித்தோம். பட்டைகளின் ஓரத்தில் கரியால் எண்கள் எழுதினேன். இந்த ஊரில் வெள்ளையும் காவியும் மாறி மாறி வந்தால் அது என்ன என்பதைச் சின்னக் குழந்தையும் சொல்லிவிடும். ஊரிலேயே பிறந்து வளர்ந்த மூன்று பேர் அந்தக் கல்லைச் சுற்றி நின்றிருந்தோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை. கோயில் மதிலைத் தினமும் கடந்து போகிறவர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை போலும்.

எல்லாம் முடிந்ததும் நர்சரிக்காரர் துணிப்பையிலிருந்து தேங்காய், மஞ்சள், குங்குமம், கற்பூரம் எடுத்தார். நாங்கள் வியப்படையவில்லை. போர்வெல் போட்டாலும், புது மோட்டார் மாட்டினாலும், டீச்சர் ஸ்கூட்டி வாங்கினாலும் அதைத்தான் செய்வோம். வேலை நல்லபடியாக நடக்க ஒரு பொட்டு. கல்லுக்குப் பொட்டு வைத்தார், கற்பூரம் ஏற்றினார், தேங்காயை உடைத்தார். சில்லை மென்றுகொண்டே மூன்று பேரும் வீட்டுக்குப் போனோம்.

மிச்சத்தைக் கிரிவலம் வந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை, கோணிப்பையோடு டீச்சரும் நானும் போய் இறங்கினோம். சிறு பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்மா டீக்கடை வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அடுப்பைக் குறைத்தார்.

"இன்னா டீச்சர், உங்க சாமிக்குச் செம கூட்டம்."

"எந்தச் சாமி?"

"அட, நீங்க நட்டீங்களே, அதுதான். என் கடையில கற்பூரமே காலி. அடுத்த வாட்டி ஜாஸ்தி வாங்கி வெக்கணும்."

போய்ப் பார்த்தோம். கல்லின் மேல் சாமந்தி மாலை. உச்சியிலிருந்து பாதி வரை மஞ்சள். நான் எழுதிய எண்களின் குறுக்கே மூன்று விரலால் இழுத்த விபூதிப் பட்டை. அடியில் நாலைந்து அகல் விளக்குகள். டீச்சர் சிரிக்க ஆரம்பித்துக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. பின்னால் வந்த நர்சரிக்காரர் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"ஏண்ணா, உங்க வீட்டுக் கல்லுக்கே செருப்பைக் கழட்டறீங்க?" என்று கேட்டேன்.

"பழக்கம்," என்றார்.

'இது நீர்மட்டம் பார்க்கும் அளவுக்கல்' என்று ஒரு பலகை எழுதிப் பக்கத்தில் நட்டேன். அடுத்த பௌர்ணமியில் பலகைக்கும் குங்குமம் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பௌர்ணமியில்தான் வரிசை. கல்லைப் பற்றிக் கதையும் பிறந்திருந்தது. மலையிலிருந்து மழையில் உருண்டு வந்த கல்லாம். தானாக நிமிர்ந்து நின்றதாம். "நான் ஒண்ணும் சொல்லலம்மா," என்றார் டீக்கடை அம்மா, என் பார்வையைப் புரிந்துகொண்டு. "அவங்களா சொல்றாங்க. நான் இல்லன்னும் சொல்லல, அவ்ளோதான்."

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்லைச் சுற்றி ஒரு தட்டு கிடையாது, ஒரு கப் கிடையாது. யாரோ துடைப்பத்தால் பெருக்கிக் கோலம்கூடப் போட்டிருந்தார்கள். டீச்சர் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தினி வருஷமா தொண்டை கட்டற வரைக்கும் கத்தினேன். ஒருத்தர் கேக்கல. ஆடு கட்டின ஒரு கல்லு வாயே தொறக்காம சாதிச்சுடுச்சு பாரு."

கல் அப்படியே இருக்கட்டும் என்று அன்று முடிவு செய்தோம். புரட்டாசி முழுக்க ஞாயிறுகளில் அதைப் பற்றிப் பேசிச் சிரித்தோம். டீச்சர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஸ்தல புராணமே எழுதச் சொல்லப் போவதாகப் பயமுறுத்துவார். நர்சரி நிழலில் மல்லாட்டை உரித்துக்கொண்டு, மேகம் கூடுகிறதா என்று அவ்வப்போது மலையைப் பார்த்துக்கொண்டு இருந்த அந்த ஞாயிறுகள் எனக்கு இன்னும் தேவைப்படுகின்றன. அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு சிரித்ததாக நினைவில்லை.

ஐப்பசியில் ஜல்லி வந்தது.

லோடு இறங்கியிருந்த இடம் தாங்கலின் வாய். பக்கத்தில் மணல் குவியல், செங்கல். நூல் பிடித்துச் சுண்ணாம்புத் தூளால் கோடும் போட்டாகிவிட்டது. கொத்தனாரைக் கேட்டேன். நகரத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர் ஒருவர் பௌர்ணமிதோறும் இந்தப் பக்கம் அன்னதானம் போடுகிறவர்; அவர் வேண்டுதலாம். உயர மேடை, ஏறப் படிகள், மேலே தகரக் கூரை, சுற்றிக் கம்பி வேலி.

சுண்ணாம்புக் கோட்டின் மேல் நடந்து பார்த்தேன். கால்வாயின் இந்தக் கரையில் ஆரம்பித்து அந்தக் கரையில் முடிந்தது. மேடை எழும்பினால் தண்ணீர் உள்ளே வர ஒரு முழம்கூட மிஞ்சாது. மழை எந்த நாளும் வரலாம். வரும் தண்ணீர் மேடையில் முட்டி, திரும்பிப் பாதையில் ஏறி, சாக்கடையில் போய்ச் சேரும். கிணறு ஊறாது. நர்சரி வண்டி நிறுத்தும் இடமாகும்.

டீக்கடை பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். டீச்சருக்கு ஆத்திரம்.

"இப்பவே போய் மஞ்சளைச் சுரண்டிக் கல்லைப் புடுங்கி எடுத்துட்டு வந்துடலாம். கல்லு இல்லன்னா மேடை எதுக்கு?"

"வேணாம் டீச்சர்," என்றார் நர்சரிக்காரர்.

"ஏன் வேணாம்?"

"வேணாம்னா வுட்டுடுங்க."

"அண்ணா, அது உங்க வேலிக்கல்லு. ஆவணி வரைக்கும் அதுல ஆடு கட்டியிருந்தீங்க. ஆடு புழுக்கை போட்டுது அதும் மேல."

"போட்டுது. இப்ப ஜனம் கும்புடுது. புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒரு பொம்பள அதுங்கிட்ட அழுதுட்டுப் போறத நானே பாத்தேன். அந்த எடத்துல போய்க் கடப்பாரை போட என் கை வராது."

"கெணறு யாருது? என்னுதா?"

"என்னுதுதான். தெரியாதா எனக்கு?"

"அப்ப போங்க. போய் பார்க்கிங் டோக்கன் கிழிங்க."

சொன்ன உடனேயே டீச்சரின் முகம் மாறிவிட்டது. நர்சரிக்காரர் பாதையில் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் தன் ஸ்டீல் டம்ளரைக் கழுவி, அதில் டீ வாங்கி அவர் முன்னால் வைத்தார். அந்த டம்ளரை அவர் யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. நர்சரிக்காரர் எடுத்துக் குடித்தார்.

"சக்கரை கம்மி," என்றார்.

"உங்க ஒடம்புக்கு அதுவே ஜாஸ்தி," என்றார் டீச்சர்.

மறுநாள் லாட்ஜ்காரர் வருவதாகக் கொத்தனார் சொன்னதால் காத்திருந்தோம். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. கையில் எங்களுக்கும் சேர்த்துப் புளியோதரைப் பொட்டலங்கள். சண்டைக்குத் தயாராக இருந்த எங்களுக்கு அது வசதியாக இல்லை. பொட்டலம் வாழையிலையில் கட்டியிருந்ததை டீச்சர் கவனித்தார். அவருடைய சத்தம் ஒரு படி இறங்கியது.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இது சாமி இல்ல. தண்ணி அளக்கறதுக்கு நாங்க நட்ட கல்லு."

லாட்ஜ்காரர் கோபப்படவில்லை. "எல்லாக் கல்லும் மொதல்ல கல்லுதான் டீச்சர்," என்றார்.

டீச்சர் என் பக்கம் கை காட்டினார். நான் மண்ணில் படம் போட்டேன். மலை, பாலம், கால்வாய், தாங்கல், கிணறு. மேடை வந்தால் தண்ணீர் எங்கே திரும்பும் என்று அம்பு போட்டேன். அவர் குனிந்து பொறுமையாகப் பார்த்தார்.

"நீ சொல்றது புரியுதும்மா. தண்ணி போக நடுவுல ஒரு பைப் வெச்சுடலாம்."

"முதல் பௌர்ணமியிலேயே தட்டு அடைச்சுக்கும் சார்."

"என் பொண்ணுக்கு வரன் அமையாம எத்தினி கோயில் ஏறி எறங்கினேன்னு எனக்குத்தான் தெரியும். இங்க நின்னு வேண்டிக்கிட்டேன். மறு வாரமே அமைஞ்சுது. மேடை கட்டறேன்னு சொல்லிட்டேன். சொன்ன வார்த்தைய நான் என்னா பண்றது, நீயே சொல்லு."

வேண்டுதல் என்பது கொடுத்த வாக்கு. அதைத் தண்ணீர்க் கணக்குச் சொல்லிக் கலைக்க முடியாது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். எங்கள் வீடுகளிலும் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறார்கள்.

பின்னால் நின்ற நர்சரிக்காரர் முன்னால் வந்தார்.

"மொதலாளி, நானும் இதுங்கிட்ட வேண்டிக்கிட்டேன்."

டீச்சரும் நானும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

"என்னான்னு?" என்று கேட்டார் லாட்ஜ்காரர்.

"தண்ணி வரணும்னு. நட்ட அன்னிக்கே கற்பூரம் ஏத்தும்போது அதான் வேண்டினேன். நீங்க வேண்டினது நடந்துடுச்சு. எனக்கு இன்னும் நடக்கல. நீங்க மேடை கட்டினா எனக்கு நடக்காது. ஒரே சாமிகிட்ட ரெண்டு பேரும் கேட்டுட்டோம், இப்ப என்னா பண்றது?"

லாட்ஜ்காரர் கல்லைப் பார்த்தார். நர்சரிக்காரர் குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டே போனார்.

"இது தண்ணிய எதிர்பாத்துக்கிட்டு நிக்கற சாமி. தண்ணி வர்ற வாயில நிக்குது. ஒசரத்துல தூக்கி வெச்சுக் கூரை போட்டுட்டா, மழையும் மேல படாது, தண்ணியும் கால்ல படாது. எதுக்கு அதுக்கு அந்தத் தண்டனை? மேடைக்குப் பதிலா அபிஷேகம் பண்ணுங்களேன்."

"அபிஷேகமா? பாலா?"

"பால் எதுக்கு? மலைத் தண்ணி. பாலத்துலேர்ந்து இது வரைக்கும் கால்வாயச் சுத்தமா எடுத்து விட்டுடுங்க. மழை பேஞ்சா அண்ணாமலையே எறங்கி வந்து அபிஷேகம் பண்ணும். அதைவிட ஒசந்தது என்னா இருக்குது?"

அவர் தந்திரமாகப் பேசியதாகப் பின்னாளில் என் தோழி ஒருத்தி சொன்னாள். நான் அங்கே நின்றிருந்தேன். நர்சரிக்காரர் அதை நம்பித்தான் சொன்னார். எனக்கு அப்போதுதான் அவர் செருப்பைக் கழற்றியது புரிந்தது.

லாட்ஜ்காரர் புளியமரத்தடிக்கு ஒதுங்கிப் போய், தனக்குத் தெரிந்த ஒரு குருக்களுக்குப் போன் செய்தார். வேண்டுதலை மாற்றலாமா என்று கேட்டார். நீண்ட பேச்சு. எங்களுக்குக் காதில் விழவில்லை. புளியோதரையைப் பிரிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. டீக்கடை அம்மா மட்டும் கடையிலிருந்து, "என்னாவாம்? என்னாவாம்?" என்று கையாலேயே கேட்டுக்கொண்டிருந்தார்.

லாட்ஜ்காரர் திரும்பி வந்து சொன்னார்: "கட்டடத்தைவிட ஜலம் ஒசத்தியாம். மாத்திக்கலாமாம். ஆனா கொற வெக்கக் கூடாதாம்."

குறை வைக்கவில்லை. அடுத்த நாளே ஜேசிபி வந்தது. நாங்கள் ஒரு மாதம் கையால் சுரண்டியும் பாதி தாண்டாத கால்வாயை அது மதியத்துக்குள் பாலம் வரை திறந்துவிட்டது. அதோடு, ஒரு கரையில் நாங்கள் வரிசையாக வைத்திருந்த புங்கங்கன்றுகளையும் வெட்டிவேரையும் வாரிக் கொண்டு போய்விட்டது. டீச்சர் ஜேசிபிக்கு முன்னால் நின்று கத்தினார். ஓட்டுநர் இன்ஜினை நிறுத்தி, "அக்கா, மொதலாளி கொற வெக்கக் கூடாதுன்னு சொன்னாரு," என்றார். ஜல்லி வீணாகக் கூடாது என்று லாட்ஜ்காரர் டீக்கடை ஓரமாக, மேட்டில், உட்கார ஒரு சின்ன மேடை கட்டினார். அங்கிருந்து பார்த்தால் கல் தெரியும். டீக்கடை அம்மாவுக்கு வியாபாரம் கூடியது.

மழை ஒரு மத்தியானத்தில் வந்தது. காலையிலிருந்தே மலை உச்சி மேகத்துக்குள் போயிருந்தது. டீச்சர் பள்ளியில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார். புது மேடையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முதலில் பாலத்துக்குள் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சருகு, நுரை, ஒரு ஒற்றைச் செருப்பு. அதற்குப் பின்னால் செம்மண் நிறத்தில் தண்ணீர், அவசரமே இல்லாமல் கால்வாயின் அகலத்துக்கு நிறைந்து வந்தது. கல்லின் அடியிலிருந்த அகல் விளக்குகளை எடுத்துக்கொண்டு போயிற்று. முதல் பட்டையைத் தொட்டது.

நான் நோட்டை எடுத்தேன். என்ன எழுதுவது? எண்கள் எல்லாம் மஞ்சளுக்கும் விபூதிக்கும் அடியில். கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் முக்காடு போட்டு நின்ற டீக்கடை அம்மா உதவிக்கு வந்தார்.

"மொழங்கால் வரைக்கும் ஏறிடுச்சும்மா. எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். 'முழங்கால்.' சாயங்காலத்துக்குள் இடுப்பு.

நர்சரிக்காரர் அங்கே வரவில்லை. மழையில் தன் கிணற்றடியில் நின்றிருந்தார். மழை விட்ட இரண்டாம் நாள் டீச்சருக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"ஊறுது டீச்சர்," என்றார். வைத்துவிட்டார்.

டீச்சர் போனைக் கைப்பையில் வைக்கப் போய், டம்ளரை வெளியே எடுத்து, மறுபடியும் உள்ளே வைத்து, பிறகு என்னைத் திட்டினார். எதற்கென்று நினைவில்லை. இரண்டு பேரும் ஸ்கூட்டியில் நர்சரிக்குப் போனோம். கிணற்றின் பாறைச் சுவரில் ஒரு வெடிப்பிலிருந்து நீர் கசிந்து, வெயில் பட்டு மினுங்கிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதை மூன்று பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மச்சானும் வந்திருந்தான். அவனும் எட்டிப் பார்த்தான். பார்க்கிங் பேச்சை எடுக்கவில்லை.

தை பிறந்ததும் எனக்கு ஒழுங்கான அளவுக்கோல் ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்தேன். தாங்கலின் மதகுச் சுவரில் போடலாம் என்று முடிவாயிற்று. நிறம்தான் பிரச்சினை. சிவப்பும் வெள்ளையும் கூடாது. மஞ்சள் என்றால் கேட்கவே வேண்டாம். சாம்பல் நிறம் விபூதி மாதிரி இருக்கும். பச்சை அம்மனுக்கு. கறுப்பைப் பார்த்தால் முனீஸ்வரன் என்பார்கள். கடைசியில் வண்ணமே இல்லாமல், சிமெண்டு ஈரமாக இருக்கும்போதே ஆணியால் கோடு கிழித்து எண் எழுதினேன். நர்சரிக்காரர் துணிப்பையைத் திறக்கப் போனார். டீச்சர் பையின் வாயைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, தேங்காய வீட்டுக்குக் கொண்டு போய்ச் சட்னி அரைங்க."

டீச்சருக்கு இப்போது ஆரணிப் பக்கம் மாறுதல். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வேறு ஒரு குழு நடத்துகிறார். நான் ஏதாவது ஒரு பௌர்ணமிக்கு ஊருக்கு வந்தால், மறுநாள் காலை கோணிப்பையோடு பாதைக்குப் போகிறேன். குப்பை பொறுக்க இப்போது டீச்சரின் பழைய மாணவிகள் சிலர் வருகிறார்கள்.

தற்போதைய நிலை: நர்சரி நர்சரியாகவே இருக்கிறது. போன கோடையில் கிணறு குறைந்தது, வற்றவில்லை. கால்வாயைப் புரட்டாசிதோறும் லாட்ஜ்காரர் சுத்தம் செய்து கொடுக்கிறார். ஜேசிபி வாரிய கரையில் மறுபடியும் புங்கன் வைத்திருக்கிறோம். மதகுச் சுவர் அளவுக்கோலை நர்சரிக்காரர் படித்து எனக்குப் போனில் எண் சொல்கிறார். ஊரில் மற்றவர்கள் தாங்கலில் எவ்வளவு தண்ணீர் என்பதற்கு முழங்கால், இடுப்பு, தோள் என்றுதான் சொல்கிறார்கள். கல் அங்கேயே நிற்கிறது. இந்த வருஷ மழை இன்னும் வரவில்லை.